மலமூட் குட்டிகள் போட்டுக்காட்டிய கணக்கு

நாய்க்குட்டிகளின் முன்னங்கால் படங்கள் எனக்கு அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும். கோவையில் நாய் வளர்க்கிற நண்பர்கள் வட்டம் கொஞ்சம் பெரியது. அவர்களுக்குத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று அது நீண்டுகொண்டே போகும். படத்துக்குக் கீழே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, கால் வெளிப்பக்கமா வளைஞ்ச மாதிரி இருக்கு. கால்சியம் சிரப் குடுத்தா நிமிர்ந்துடுமா?"

நான் டாக்டர் இல்லை. கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், எக்ஸ்ரே எடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கூடவே இன்னொன்றும் கேட்பேன். இதோடு ஒரே ஈத்தில் பிறந்த மற்றக் குட்டிகளெல்லாம் எப்படி இருக்கின்றன? இதே தாய்க்கும் இதே ஆண் நாய்க்கும் இதற்கு முன் பிறந்தவை? இதற்குப் பதில் வருவது அபூர்வம். "வம்சாவளிப் பேப்பர் இருக்குக்கா. அப்பன் சாம்பியன்" என்பார்கள்.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாம்பியன் அப்பனுக்கும் சாம்பியன் அம்மாவுக்கும் கால் வளராத குட்டி பிறக்கும். பிறந்திருக்கிறது. மலமூட் என்ற நாய் இனத்தை வளர்த்தவர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்பே அதை நேருக்கு நேர் பார்த்து, மூடி மறைக்காமல் கணக்குப் போட்டார்கள். அவர்கள் செய்ததை நம் ஊரில் நாய் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

குட்டியின் எலும்பு நடுவில் நீள்வதில்லை, முனைகளில்தான் நீள்கிறது. நீண்ட எலும்புகளின் முனைகளை ஒட்டிக் குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். அதை வளர்ச்சித் தட்டு என்பார்கள். அதிலுள்ள செல்கள் வரிசை கட்டிக்கொண்டு பெருகும், உப்பும், பிறகு அவற்றைச் சுற்றிக் கால்சியம் படிந்து புது எலும்பாக மாறும். பெரும்பாலான இனங்களில் ஒரு வயதை ஒட்டி இந்தத் தட்டுகள் மூடிக்கொள்ளும். அதன் பிறகு என்ன கொடுத்தாலும் ஒரு சென்டிமீட்டர் கூட நீளாது.

முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அல்னாவின் நீளத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள ஒரே ஒரு தட்டிலிருந்து வருகிறது. அந்தத் தட்டு கெட்டால் அல்னா பின்தங்கிவிடும், ரேடியஸ் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். அல்னா நாணாக இழுத்துப் பிடிக்க, ரேடியஸ் வில்லாக வளையும். மணிக்கட்டு தடித்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பும். எனக்கு வருகிற படங்களில் இருப்பது இந்தக் கோணல்தான்.

தட்டு கெட்டுப்போவதற்குத் தீனியும் காரணமாகலாம். வெறும் இறைச்சியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வலுவிழக்கும். அதற்கு நேர் எதிராக, நல்ல பாக்கெட் உணவும் கொடுத்துக்கொண்டு, அதற்கு மேல் கால்சியம் சிரப்பையும் ஊற்றினால் அதுவும் கெடுதல்தான். குட்டி வயதில் நாயின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, வந்ததை உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து 1980களில் இதை விரிவாகக் காட்டினார்கள். கால்சியம் அதிகமாகக் கொடுக்கப்பட்ட குட்டிகளுக்குக் குருத்தெலும்பு எலும்பாக மாறுவதே தடுமாறிப்போயிற்று, கால்களும் வளைந்தன. ஆகவே கால் கோணலைப் பார்த்ததும் சிரப் பாட்டிலை எடுக்காதீர்கள் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன். விழுந்து அடிபட்டாலும் அந்தத் தட்டு நசுங்கி இதே கோணல் வரும்.

இவை எதுவுமே இல்லாமல், ரத்தத்திலேயே வருவதும் உண்டு.

மலமூட் அலாஸ்காவின் பாரம் இழுக்கும் நாய். கொட்செபூ வளைகுடாப் பக்கம் வாழ்ந்த இனுபியாட் மக்களின் ஒரு பிரிவினர் பெயரால் அழைக்கப்படுவது. வேகம் அதன் வேலை இல்லை, கனத்த சறுக்குவண்டியை நெடுந்தூரம் இழுப்பதுதான் வேலை. ஆண் நாய் தோளளவில் 63 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 38 கிலோ எடையும் இருக்க வேண்டும் என்பது இனத்தின் இலக்கணம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 1935-ல் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்குப் பிறகு பதிவேட்டில் மிஞ்சிய நாய்கள் மிகக் குறைவாக இருந்ததால், அடைத்துவைத்திருந்த பதிவேட்டையே மறுபடி திறந்து, வேறு வழிகளில் வந்த நாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று உலகெங்கும் உள்ள மலமூட்கள் அந்தச் சில நாய்களின் வாரிசுகள். ஆரம்பத்து நாய்களில் ஏதாவது ஒன்றிடம் ஒரு கோளாறு ஒளிந்திருந்தாலும், சில தலைமுறைகளில் அது சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பரவிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. நல்ல உயரமான, குறை சொல்ல முடியாத மலமூட் ஜோடிகளுக்கு அங்கங்கே குட்டைக்கால் குட்டிகள் பிறந்தன. முன்னங்கால்கள் வளைந்து, மணிக்கட்டு உருண்டு, முதுகு பின்னாலிருந்து முன்னால் சரிந்து நிற்கும். சத்துக் குறைவால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் மாதிரி இருந்ததால் தீனியில்தான் கோளாறு என்று பலரும் நினைத்தார்கள். 1971-ல் கனடாவின் கால்நடை மருத்துவ இதழில் ஸ்மார்ட், ஃப்ளெட்ச் என்ற இருவர் இது மரபுவழி வரும் எலும்பு வளர்ச்சிக் குறை என்று எழுதினார்கள். அடுத்து வந்த ஆய்வுகள், இது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுவதையும், இந்தக் குட்டிகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களிலும் கோளாறு இருப்பதையும் காட்டின. அணுக்கள் உப்பி, சீக்கிரம் உடைந்து, லேசான ரத்தசோகையை உண்டாக்கின. கால் வளைவும் ரத்தசோகையும் ஒரே மரபுக் கோளாற்றின் இரண்டு முகங்கள்! இதை முதலில் படித்தபோது நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலைப் பார்த்துக்கொண்டிருந்த நம் கண்ணுக்கு ரத்தம் எங்கே தெரியப்போகிறது?

ஒடுங்கு பண்பு என்றதும் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகள் நினைவுக்கு வரும். நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் அடுத்த தலைமுறை அத்தனையும் நெட்டை. அவற்றைத் தமக்குள்ளேயே சேர்த்தால் நான்கில் ஒன்று குட்டை. மலமூட் கதையும் அதேதான், அங்கே செடி, இங்கே கால். கோளாறான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய் கம்பீரமாக இருக்கும், கண்காட்சியில் கோப்பை வாங்கும். அப்படிப்பட்ட இரண்டு நாய்கள் சேரும்போது நான்கில் ஒரு குட்டி குட்டையாகும், இரண்டு அந்த மரபணுவைச் சுமக்கும், ஒன்று மட்டும் முற்றிலும் சுத்தமாக இருக்கும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். குட்டையாகப் பிறந்ததை மட்டும் ஒதுக்கிவிட்டு, "மத்ததெல்லாம் நல்லா இருக்கே" என்று அவற்றை வைத்து ஈத்து எடுப்பார்கள். நன்றாகத் தெரிகிற மூன்றில் இரண்டு அதைச் சுமக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் இனத்தில் நூறு குட்டிக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது என்றால், கலப்பு எந்தச் சார்பும் இல்லாமல் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இனத்தில் கிட்டத்தட்ட ஐந்து நாய்க்கு ஒரு நாய் அதைச் சுமந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்குப் பின்னால் தெரியாத பதினெட்டு நிற்கின்றன. அதிலொன்று எல்லோரும் தேடி வருகிற சாம்பியன் ஆண் நாயாக இருந்துவிட்டால், சில வருடங்களில் நூற்றுக்கணக்கான குட்டிகள் வழியாக அது நாடு முழுக்கப் போய்ச் சேரும்.

அப்போது மரபணுச் சோதனை என்று எதுவும் கிடையாது. எந்த நாய் சுமக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவின் மலமூட் கிளப்பைச் சேர்ந்தவர்கள் எடுத்துக்கொண்ட வழி கடினமானது. சந்தேகமுள்ள நாயை, குட்டையாகப் பிறந்து வளர்ந்த ஒரு மலமூட்டோடு சேர்ப்பது. அந்த நாய் மரபணுவைச் சுமக்கிறதென்றால் குட்டிகளில் பாதி குட்டையாக இருக்கும். ஒன்றே ஒன்று குட்டையாகப் பிறந்தாலும் போதும், தீர்ப்பு ஆகிவிட்டது. சுமக்கிற நாய்க்குப் பிறந்த ஐந்தும் தப்பித்து நன்றாக இருக்க 32-ல் ஒரு வாய்ப்புதான். ஏழும் நன்றாக இருக்க 128-ல் ஒன்று. சோதிக்க முடியாத நாய்களுக்கு வம்சாவளியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சுமக்கிறது என்று உறுதியான நாயின் பிள்ளைக்கு 50 சதவீதம், பேரனுக்கு 25, அதற்கடுத்து 12.5, பிறகு 6.25. வழியில் சேர்கிற ஜோடியெல்லாம் சுத்தம் என்றால்தான் இப்படிப் பாதி பாதியாகக் குறையும்.

இதில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் உண்டு. சோதனைக்காகத் தெரிந்தே குட்டைக் குட்டிகளைப் பிறக்கவைத்தார்கள். அவற்றுக்கு உயிராபத்து பெரும்பாலும் இல்லை என்றாலும், வளைந்த கால்களோடு வாழ்வது மூட்டுக்கு வேதனைதான். ஆனால் வேறு வழி இல்லாத காலத்தில், தம் நாயின் பெயர் கெடும் என்று தெரிந்தும் தாமே முன்வந்து அந்தச் சோதனைக்குக் கொடுத்தவர்களை நான் மதிக்கிறேன். கோப்பை வாங்கிய நாயை, லட்சணமான நாயை, "இது சுமக்கிறது" என்று எழுதிக்கொடுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அவர்கள் கண்டுபிடித்த இன்னொன்றுதான் நமக்கு மிகவும் உதவக்கூடியது. எல்லாக் குட்டைக் குட்டியும் பார்த்த மாத்திரத்தில் குட்டையாகத் தெரிவதில்லை. லேசான பாதிப்பு உள்ளவை "கொஞ்சம் உயரம் கம்மி" என்ற அளவில் நின்றுவிடும். ஆனால் ஐந்து முதல் பன்னிரண்டு வார வயதுக்குள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அல்னாவின் வளர்ச்சித் தட்டு தடித்து, ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பது தெரிந்துவிடும். தட்டு மூடிய பிறகு எடுத்தால் அந்தச் சாட்சி அழிந்துபோயிருக்கும். குட்டியை எட்டு வாரத்துக்குப் பிறகுதான் விற்கலாம் என்பது 2017-ல் வந்த நம் நாட்டு விதியும்கூட. அதாவது குட்டி வளர்ப்பவர் கையில் இருக்கும் கடைசி வாரங்களும், உண்மை எக்ஸ்ரேயில் தெரிகிற வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நேரத்தில் முழு ஈத்தையும் எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கொடுப்பவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை, உடல்நலச் சிக்கல் உள்ளவை என்று சில இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. மலமூட், நார்வீஜியன் எல்க்ஹவுண்ட், பாசெட் ஹவுண்ட் மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. கோவை வெயிலில் மலமூட் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் பட்டியலில் இல்லாத இனங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நம் வீடுகளில் நிறைந்திருக்கிற லேப்ரடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நீளம் சரியாக இருந்து கால் மட்டும் சற்றுக் குட்டையாக நின்றுவிடும் ஒரு வகை அதில் உண்டு. 2013-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்துக் குழு அதற்குக் காரணமான மாற்றத்தைக் கொலாஜன் மரபணு ஒன்றில் கண்டுபிடித்தது. அதைவிடக் கடுமையான இன்னொன்றில் கால் குட்டையாவதோடு விழித்திரையும் பிரிந்து பார்வை போய்விடும். லேப்ரடாரிலும் சமோயெடிலும் அதற்கு வெவ்வேறு கொலாஜன் மரபணுக்கள் காரணம் என்று 2010-ல் தெரிந்தது. எல்க்ஹவுண்டுக்கும் ஃபின்லாந்தின் கரேலியன் கரடி நாய்க்கும் பொதுவான குட்டைத்தன்மையின் மரபணுவை 2013-ல் ஹெல்சின்கியில் கண்டார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இவற்றோடு சேராது. அதில் பல மரபணுக்களும் தீனியும் எடையும் கலந்திருப்பதால், அது தனியாக எழுத வேண்டிய சங்கதி.

ஜெர்மன் ஷெப்பர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இணையத்தில் அவ்வப்போது ஒரு படம் சுற்றும். இரண்டு வயது ஷெப்பர்டு, ஆனால் இரண்டு மாதக் குட்டி அளவு. "எப்பவும் குட்டியாவே இருக்கும், எவ்வளவு அழகு" என்று கீழே ஆயிரம் இதயங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும். மற்ற வகைகளில் கால் மட்டும் குறையும், இதில் உடல் முழுவதும் சமமாகச் சிறுத்துவிடும். பிட்யூட்டரி சுரப்பி சரியாக உருவாகாததால் வளர்ச்சி ஹார்மோனும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் சுரப்பதில்லை. குட்டி ரோமம் உதிர்ந்து புது ரோமம் வராது, பிறகு தோல் வெறுமையாகிக் கறுக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கைந்து வயதைத் தாண்டுவது அரிது. காரணம் எல்எச்எக்ஸ்3 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் என்று 2011-ல் உட்ரெக்ட் குழு காட்டியது. மருத்துவத்தில் ஒரு விந்தை உண்டு. பன்றியின் வளர்ச்சி ஹார்மோனும் நாயுடையதும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் பன்றி ஹார்மோன் ஊசி இந்த நாய்களுக்கு உதவுகிறது. ஆனால் அது எளிதில் கிடைப்பதும் இல்லை, விலையும் கட்டுப்படியாகாது.

மரபணு அடையாளம் தெரிந்த நோய்களுக்கு இப்போது குட்டையோடு சேர்த்துச் சோதிக்கிற கொடுமை வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலரோடு எனக்குச் சண்டையே உண்டு. சுமக்கிறது என்று தெரிந்த நாயை உடனே இனப்பெருக்கத்திலிருந்து விலக்க வேண்டும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒடுங்கு பண்பாக வருகிற கோளாற்றில், சுமக்கும் நாயைச் சோதித்த சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிகூட நோயோடு பிறக்காது, பாதிக் குட்டிகள் முற்றிலும் சுத்தமாகவே இருக்கும். ஐந்தில் ஒன்றை ஒரே நாளில் தூக்கி எறிந்தால் இருக்கிற சிறிய கூட்டம் இன்னும் சுருங்கி, அதுவரை தலைகாட்டாத வேறொரு கோளாறு மேலே வரும். எண்ணிக்கை குறைவான கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் நாய்களை வளர்ப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கைகொடுக்காத ஓர் இனம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சுந்தரி ஒரு டாஷ்ஹண்ட். வெளிநாடு போன குடும்பம் ஒன்று எங்களிடம் விட்டுப்போனது. மலமூட்டில் எதைக் குறை என்று துரத்தினார்களோ, அதே குட்டைக்கால்தான் டாஷ்ஹண்டின் இலக்கணம். வளைக்குள் புகுந்து வேட்டையாட வேண்டும் என்று ஜெர்மனியில் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று மரபுத்தொகுதியில் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதுதான் இந்தக் கால்களுக்குக் காரணம் என்று 2009-ல் தெரிந்தது. 2017-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 12-ஆம் குரோமோசோமில் இன்னொரு பிரதியைக் கண்டார்கள். இது காலைக் குட்டையாக்குவதோடு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளையும் சிறுவயதிலேயே கெட்டிப்படுத்திவிடுகிறது. ஒரு பிரதி இருந்தாலே தட்டுக்கு ஆபத்து. டாஷ்ஹண்டுகளில் அநேகமாக எல்லாவற்றுக்குமே அது இருக்கிறது. சோதித்துச் சுத்தமானதோடு சேர்க்கலாம் என்றால், சுத்தமானது எங்கே?

சுந்தரிக்கு ஐந்து வயதில் முதுகுத் தட்டு நழுவியது. பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன, தூக்கப் போனால் அலறினாள். மருத்துவர் சொன்னபடி பல வாரங்கள் கூண்டில் அசையாமல் வைத்து, மருந்து கொடுத்து, மெல்ல நடக்கவைத்தோம். நரம்பு முழுவதும் நசுங்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது சோபாவில் ஏற அவளுக்கு அனுமதி இல்லை, படிக்கட்டில் தூக்கித்தான் போவோம், எடையைக் கண்டிப்பாகப் பார்க்கிறோம். இவளைப் போல ஒரு துணை எனக்கு வாய்த்ததில்லை. ஆனாலும் இவளுக்குப் பிறகு இன்னொரு டாஷ்ஹண்ட் குட்டியைக் காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஃபின்லாந்து, டென்மார்க் போன்ற வடக்கு நாடுகளில் டாஷ்ஹண்டுக்கு இரண்டு முதல் நான்கு வயதுக்குள் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து, கால்சியம் படிந்த தட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பதிவு செய்கிறார்கள். குறைவாக உள்ள நாய்களையே இனப்பெருக்கத்துக்கு எடுப்பார்கள், ஏனெனில் அந்த எண்ணிக்கையும் பெருமளவு தாய் தந்தையிடமிருந்து வருவதுதான். இதற்கு வெளிநாட்டுச் சோதனைக்கூடம் எதுவும் தேவையில்லை, நம் ஊர் எக்ஸ்ரே கருவியே போதும். தாய்க்கும் தகப்பனுக்கும் அப்படி எடுத்து வைத்திருக்கிற டாஷ்ஹண்ட் வளர்ப்பாளர் யாராவது கொங்குப் பக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். கேட்டு வருகிறவர்களை நானே அவரிடம் அனுப்பிவைக்கிறேன்.